காற்றும் கரையும்

நுழையும்முன்

நீரில் செல்வோர்க்குக் காற்று துணையாவதும் உண்டு, பகையாவதும் உண்டு. எந்த வேளையில் அது எதுவாகும் என்று அறிவதே படகோட்டியின் முதற்கல்வி. மலையடிவாரத்து நீர்த்தேக்கம் ஒன்றில் சிறுபடகு செலுத்திய முதியவரிடம் ஓர் ஆசிரியர் பெற்ற பட்டறிவைக் கூறுகிறது இக்கட்டுரை.

திசைக்கொரு பெயர்

நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டிய மொழி தமிழ். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல்; மேற்கிலிருந்து வீசுவது கோடை; வடக்கிலிருந்து வீசுவது வாடை; தெற்கிலிருந்து வீசுவது தென்றல். காற்றுக்குப் பெயரிட்டவர்கள் அதனை ஏவல் கொள்ளவும் அறிந்திருந்தனர். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அவனுடைய முன்னோன் கடலில் காற்றைத் தன் வயப்படுத்திக் கலம் செலுத்திய பெருமையைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் போற்றுகிறார். அப்பெருங்கலத்தின் கதையை நான் வகுப்பறையில் பலமுறை நடத்தியிருக்கிறேன். சிறுபடகின் கதையை எனக்கு நடத்தியவர் ஒரு மீனவர்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சாமை விளையும் கொல்லைகளும், மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்களும், வானை நோக்கும் காவலூர் ஆய்வகமும் அங்கே உள்ளன. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. அம்மலையில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், காற்றுக்கு நேரக்கணக்கு உண்டு என்பதை மாணவர்களே எனக்குச் சொல்லித் தந்தனர். பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும். சூடான காற்று சரிவைப் பற்றிக்கொண்டு மேலேறும். இரவில் சரிவு குளிர, காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றும் இதனோடு சேர்ந்துகொள்ளும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியின் பொருளை அம்மலையில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். ஜமுனாமரத்தூர்க் கோமுட்டேரியில் பயணிகளின் படகுகள் காற்றடிக்கும்போது ஒரே கரையில் சென்று ஒதுங்குவதைப் பள்ளி விட்டு வரும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன்.

எடையும் காற்றும்

என்னிடம் பதினொன்றாம் வகுப்பு பயின்ற மாணவன் ஒருவனின் தாத்தா, சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடித்து வந்தார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிச் செங்கத்தைக் கடந்து தெற்கே சென்றால் சாத்தனூரை அடையலாம். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதன் நீர்மட்டத்தின் முழுஅளவு 119 அடி. நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கத் தமிழ்நாட்டில் பெரிதும் பயன்படுவது பரிசல். பெரியவரும் நெடுங்காலம் பரிசல் தள்ளியவர்தாம். பின்னர், அலுமினியத் தகட்டால் ஆன பன்னிரண்டடிப் படகு ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது.

ஆடி மாத விடுமுறை நாளொன்றில் அப்படகைக் காணச் சென்றேன். படகை நீரில் தள்ளும் முன்பே பாடம் தொடங்கிவிட்டது. ஒரே பருமனுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. எனவே அப்படகை இருவரே தூக்கிக் கரையேற்றிவிடலாம். ஆனால், எடை குறைந்த படகு நீரில் ஆழ அமிழாது. அதன் பக்கச்சுவர் நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அந்தச் சுவரே காற்றுக்குப் பாயாகிவிடும். விரிக்காத பாய், சுருட்டவும் முடியாத பாய்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்திருக்கலாம். வேகம் இரு மடங்கானால் படகின்மீது விழும் தள்ளல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். பெரியவருக்கு இக்கணக்கு தெரியாது. "காத்து கொஞ்சம் ஏறினா, பாரம் ரொம்ப ஏறும் சார்" என்று அவர் சொன்னது அதே கணக்குத்தான்.

ஒருவர் மட்டும் படகின் பின்முனையில் அமர்ந்தால் முன்முனை மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிய முனையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். படகு அலைக்குத் தன் விலாவைக் காட்டி நிற்கும். சிறுபடகு கவிழ்வதற்கு அதைவிட எளிய வழி வேறில்லை. ஆகவே, காற்றை எதிர்த்துச் செல்லும்போது பாரத்தைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். காற்றோடு செல்லும்போது சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. எல்லாரும் ஒரே பக்கம் சாயவும் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். பயணிகள் ஒருபக்கமாகக் குவிந்தது அவ்விபத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. பெரிய படகுக்கே அந்நிலை என்றால், பன்னிரண்டடிப் படகு எம்மாத்திரம்?

தெரியாத அலை

நாங்கள் புறப்பட்டது விடியற்காலையில். முதல்நாள் மாலையில் விரித்திருந்த செவுள்வலைகள் நான்கு. படகுத்துறை மேற்குக் கரையில், ஒரு குன்றின் அடியில் இருந்தது. மூன்று வலைகளைக் கரையை ஒட்டியே எடுத்தோம். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் கூடையில் விழுந்தன. நான்காம் வலை கிழக்கே, திறந்த நீர்ப்பரப்பில் கிடந்தது. அதற்குள் வெயிலேறிவிட்டது, மேற்கிலிருந்து காற்றும் எழுந்துவிட்டது.

குன்றின் மறைவில் எங்களைச் சுற்றி நீர் அமைதியாகவே இருந்தது. "தாத்தா, அதோ மிதவை தெரியுது. அஞ்சே நிமிஷம்தான். எடுத்துட்டு வந்துடலாம்" என்றான் பேரன். அவன் சொன்னதில் பிழையில்லை. காற்றே எங்களைக் கொண்டுபோய் அங்கே சேர்த்திருக்கும்.

பெரியவர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தொலைவைக் கண்களால் அளந்தார். காற்று வரும் பக்கத்துக் கரையில் நிற்பவனுக்கு ஏரி எப்போதும் அமைதியாகவே தோன்றும். காற்று நீர்மீது ஓடும் தொலைவு கூடக்கூடத்தான் அலை உயரும். அந்த உயரம் எதிர்க்கரைப் பக்கமே இருக்கும். அத்துடன், பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு அலையின் முதுகு மட்டுமே தெரியும்; நுரைக்கும் முகம் தெரியாது. இவற்றை அவர் எங்களுக்கு விளக்கிவிட்டு, தொலைவில் ஆங்காங்கே மின்னிய வெள்ளை நுரையைக் காட்டினார். பிரித்தானியக் கடற்படை அலுவலர் பிரான்சிஸ் போபர்ட் 1805இல் வகுத்த காற்று அளவையில், அலைத்தலையில் நுரை அங்கங்கே தோன்றுவது மூன்றாம் படி; அடிக்கடி தோன்றுவது நான்காம் படி. நான்காம் படியில் காற்றின் வேகம் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். பெரிய கலத்துக்கு அது இதமான காற்று. எங்கள் தகட்டுப் படகுக்கு அப்படியில்லை.

"போறதுக்கு அஞ்சு நிமிஷம். வர்றதுக்கு?" என்று பேரனைக் கேட்டார் அவர். பேரன் விடை சொல்லவில்லை.

"வலை எங்கயும் போவாதுடா. போனாலும் வலைதான் போவும்."

அந்த வலை கடனில் வாங்கியது என்பதைப் பேரன் பின்னர்தான் என்னிடம் சொன்னான்.

எதிர்க்காற்றில்

துறை அருகில்தான் இருந்தது. ஆயினும், குன்றின் மறைவைக் கடந்து அதன் மூக்கைச் சுற்றிச் செல்லும் சிறிது தொலைவில் காற்று எங்களை நேராகப் பிடித்துக்கொண்டது. அலை தகட்டில் மோதும் ஒலி பறையொலிபோல் எழுந்தது. மீன்கூடையை முன்முனைக்கு நகர்த்தச் சொன்னார். பேரனை முன்னே படகின் தரையில் அமர்த்தினார். என்னையும் பலகையிலிருந்து இறங்கி அமரச் சொன்னார். தாம் நடுப்பலகையில் இருந்து இரு துடுப்புகளையும் வலித்தார். படகின் முனையைத் துறைக்கு நேரே வைக்காமல், காற்று வரும் பக்கமாகச் சற்று விலக்கியே வைத்தார். காற்று தள்ளும் அளவை முன்கூட்டியே கணக்கில் கழித்துவிடும் முறை அது. ஆற்றைக் குறுக்கே கடப்பவன் கரைசேரும் இடத்துக்கு மேலாகக் குறிவைப்பது போன்றது.

ஒருமுறை அவர் களைத்து நின்றார். உடனே, நீர் இறைக்கும் வாளியைக் கயிற்றில் கட்டி முன்முனையிலிருந்து நீரில் விட்டார். நீருக்குள் இழுபட்ட வாளி, குதிரையின் கடிவாளம்போல முனையைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டது. நங்கூரமோ வாளியோ, முன்முனையில்தான் கட்ட வேண்டும். தாழ்ந்து தட்டையாக இருக்கும் பின்முனையில் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும் என்றார். மூச்சு வாங்கியபின் மீண்டும் வலித்தார். அமைதியான நீரில் பத்து நிமிடத்தில் கடக்கும் தொலைவுக்கு அன்று அரைமணி நேரத்துக்கும் மேலாயிற்று. இதே காற்றில் நான்காம் வலை வரை சென்றிருந்தால் திரும்பும் தொலைவு எத்தனை மடங்காகியிருக்கும் என்று கரையில் நின்று எண்ணிப் பார்த்தேன். பேரனும் அதையே எண்ணிக்கொண்டிருந்தான் என்பதை அவன் முகம் காட்டியது.

மறுநாள் விடியலில் அவர்கள் சென்று அவ்வலையை எடுத்தனர். நீரில் மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் சிக்கிப் பாதி கிழிந்திருந்தது. அதை முடைந்து சரிசெய்ய மூன்று இரவுகள் ஆயின. பேரனும் உடன் அமர்ந்து முடிச்சிட்டான். பெரியவர் அந்த இழப்பைக் குறித்து வருந்தினார். தம் முடிவைக் குறித்து வருந்தவில்லை.

கரையிலேயே எடுக்கும் முடிவு

படகோட்டும் திறம் கைவலிமையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரியவரிடம் நான் கண்ட திறத்தில் பெரும்பகுதி, துடுப்பைத் தொடும் முன்பே செயல்பட்டது. எந்தத் திசையில் காற்று, எத்தனை பேர், பாரம் எங்கே, திரும்பும் வழி எப்படி என்பவற்றை அவர் முதலில் கேட்டுக்கொண்டார். காற்றை எதிர்த்துப் போகும் வேலையை உடலில் வலு இருக்கும்போதே முதலில் முடி. காற்றோடு வரும் வேலையைக் களைத்த நேரத்துக்கு வைத்துக்கொள் என்பது அவருடைய பொதுவிதி. அன்றைய நான்காம் வலை அவ்விதிக்கு மாறாகக் கிடந்தது. அதனாலேயே அதை விட்டுவந்தார்.

மாணவர்களே! நீர்நிலைக்குச் செல்லும்போது மிதவைச் சட்டை அணியுங்கள். படகு கவிழ்ந்தால், அருகில் தெரிகிறதே என்று கரையை நோக்கி நீந்த முயலாமல், மிதக்கும் படகையே பற்றிக்கொள்ளுங்கள். இவை எவரும் கற்றுத்தரக்கூடிய விதிகள். இவற்றுக்கும் முன்னால் நிற்பது பேரனிடம் பெரியவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி. நம்மை எளிதாக அழைத்துச் செல்லும் காற்று எதுவாயினும், அதனிடம் அக்கேள்வியைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.