இணையப் பக்கமும் காத்திருக்கும் வாசகரும்

நூலகமொன்றின் பெருமை அங்குள்ள நூல்களின் தொகையினால் மட்டும் அளக்கப்படுவதில்லை. வேண்டிய நூல் வேண்டிய வேளையில் வாசகர் கையை அடைகின்றதா என்பதும் அதற்கோர் அளவுகோலாகும். அச்சேறிய நூலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கணனித் திரையில் விரியும் நூலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றிலிருந்து கைத்தொலைபேசி வழியாகப் பழைய சஞ்சிகையொன்றைத் தேடும் மாணவி, வெறுந்திரையை நோக்கி அரை நிமிடம் காத்திருந்து சலித்து அதனை மூடிவிடுவாளாயின், அவளைப் பொறுத்தவரை அச்சஞ்சிகை இல்லாத ஒன்றே. எனவே, இணையத்தளத்தின் வேகமும் அதற்கேற்ற இடத்தைத் தெரிதலும் தொழில்நுட்பவியலாளரின் தனிக்கவலைகள் எனக் கலைப்பீடத்தார் ஒதுக்கிவிடத் தக்கனவல்ல.

ஈழத்துத் தமிழருக்கு இவ்விடயத்திற் சிறப்பான அக்கறை உண்டு. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் செல்வம் ஓரிரவில் அழியக்கூடும் என்ற பாடத்தை அந்நிகழ்ச்சி புகட்டிற்று. 1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. 2005 இல் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ இணையத்தளம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஒளிவருடி வைத்துள்ளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள், கலை மன்றங்கள் முதலியனவும் இன்று தத்தம் மலர்களை இணையத்தில் ஏற்ற விழைகின்றன. அவ்வாறு ஏற்றப்படுவன வாசகரை அடைவதற்குத் தடையாக நிற்பன யாவை என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது தடை சுமையாகும். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணனி ஐந்து குறியீடுகளாகக் கொள்கின்றது. இணையத்தில் இன்று வழங்கும் யூரிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைற்று வேண்டும். ஆக, அச்சொல்லுக்கு 15 பைற்று. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றே போதுமாதலால் தமிழ் பாரமான மொழி என்று சிலர் கருதுவர். உண்மை அதுவன்று. இரண்டாயிரம் குறியீடுகள் கொண்ட ஒரு பக்கம் 6,000 பைற்றுக்கு மேற்படாது. அனுப்பும்போது சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். ஆனால், அதே பக்கத்தை ஏ4 தாளளவில், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் ஒளிவருடினால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 என, ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் பதிவாகும். சாம்பல் நிறப் படமாக, சுருக்காது வைத்தால் அது 87 இலட்சம் பைற்று. தட்டெழுதிய பக்கத்தைப்போல் 1,400 மடங்கிற்கு மேல்!

இதனால் ஒளிவருடுதல் வேண்டாத வேலை என்பது பொருளன்று. மூல நூலின் எழுத்துருவும் பக்க அமைப்பும் ஆய்வாளருக்கு இன்றியமையாதன. காப்பகத்திற்கு ஒரு பிரதியும் வாசிப்புக்கு மற்றொரு பிரதியும் வைத்தலே தக்கது. முன்னையது பெரிதாகவே இருக்கட்டும். பின்னையதைச் சுருக்கி, முழுக் கோப்பும் வந்து சேருமுன்னரே முதற்பக்கம் தோன்றுமாறு ஒழுங்குபடுத்தல் வேண்டும். பி.டி.எப். கோப்புகளை அவ்வாறு அமைக்கும் வசதி நெடுங்காலமாகவே உள்ளது. விழாப் படங்களின் நிலையும் இதுவே. கைத்தொலைபேசியில் எடுத்த படமொன்று 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டிருக்கலாம். தளத்திற்கு 1,000க்கு 750 என்ற அளவே போதுமாயின், புள்ளிகளின் தொகை பதினாறில் ஒரு பங்காகிவிடும். தேர்த்திருவிழாப் படங்கள் நாற்பதைச் சுருக்காது ஒரே பக்கத்தில் அடுக்குபவர், ‘ரீலோட்’ செய்த பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு அப்பக்கத்தைத் திறப்பவரின் செலவை எண்ணிப்பார்ப்பதில்லை.

இரண்டாவது தடை தூரமாகும். தளத்தின் கோப்புகளைச் சேமித்து வைத்துக் கேட்போருக்கு அனுப்பும் கணனி ‘வழங்கி’ எனப்படும்; அதில் வாடகைக்கு இடம் பெறுதலையே ‘ஹொஸ்டிங்’ என்பர். ஒளியிழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்; நியூயோர்க் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேர்வழியே சென்றாலும், போய்மீள முன்னதற்குச் செக்கனின் ஆயிரத்தில் 27 பங்கும் பின்னதற்கு 140 பங்கும் ஆகும். பக்கத்தின் முதலெழுத்து வருமுன், தொடர்பை ஏற்படுத்தல், மறைகுறியீட்டை உடன்படல், பக்கத்தைக் கேட்டுப்பெறல் எனப் பொதுவாக மூன்று முறை இவ்வாறு சென்றுவர வேண்டும். கடலடி வடங்கள் வளைந்து செல்வதால் உண்மைக் காலம் இதனிலும் கூடும். அவ்வழி அறுபடவும் கூடும். 2004 ஓகஸ்டில், கொழும்புத் துறைமுகத்தருகே இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியதால், இலங்கையின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டமை நினைவுகூரத்தக்கது.

தூரத்தைக் குறைப்பதற்குக் கொழும்பு வாணிகத்திலேயே உவமை உண்டு. வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒரு கிலோ பருப்பு கேட்பவருக்காக ஒவ்வொரு முறையும் புறக்கோட்டைக்கு ஆளனுப்புவதில்லை; அடிக்கடி விலைபோவதைத் தம் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்கின்றார். அவ்வாறே, பலரும் கேட்கும் பக்கங்களின் பிரதிகளை வாசகருக்கு அண்மையிலுள்ள பல நகரங்களில் வைத்திருக்கும் விநியோக வலையமைப்புகள் உள்ளன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் வாசகரைக் கொண்ட தமிழ்த் தளங்களுக்கு இவை மிகவும் பொருத்தமானவை. அன்றியும், வழங்கி தானும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் துருவிப் பக்கத்தைப் புதிதாக ஆக்காது, ஒருமுறை ஆக்கியதைச் சிலகாலம் வைத்துக் கொடுக்குமாறு செய்யலாம்.

மூன்றாவது தடை நெருக்கடியாகும். வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கிப் படித்தோர் இதனை எளிதில் உணர்வர். பத்துப்பேருக்கு ஒரு குழாய் இருக்கும் வீட்டில் காலை ஏழு மணிக்கு நீர் நூலாகத்தான் ஒழுகும். ஒரே வழங்கியைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான ஹொஸ்டிங்கும் அத்தகையதே. அயலறையார் அதிகம் இறைத்தால் நமக்குக் குறையும். தனக்கெனத் தண்ணீர்த்தொட்டி உள்ள தொடர்மாடி வீட்டைப் போன்றது, ஒரு வழங்கியைக் கூறாக்கி ஒதுக்கித் தரும் மெய்நிகர் வழங்கி. தனிவீடு போன்றது முழு வழங்கியையும் வாடகைக்குப் பெறுதல். மாதம் சில நூறு பேர் வரும் சங்கத் தளத்திற்கு முதலாவதே போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளையும் தேடுவசதியையும் கொண்ட நூற்களஞ்சியத்திற்கு அது போதாது. ஆயினும், பாரமான பக்கங்களைக் குறைக்காது பெரிய வழங்கிக்கு மாறுதல், ஓட்டை வாளியை வைத்துக்கொண்டு பெரிய கிணறு தோண்டுவதற்கு ஒப்பாகும். முதலிற் சுமையைக் குறைத்து அளந்து பார்த்து, அதன் பின்னரே இடம் மாறுதல் முறை. அளப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்றுதல் நன்று எனக் கூகிள் நிறுவனம் 2020 இல் வகுத்தது. அவ்வளவீட்டை விலையுயர்ந்த கணனியிலன்றி, வாசகர் கையிலுள்ள சாதாரண தொலைபேசியிற் செய்து பார்த்தலே பயன்தரும்.

இடத்தெரிவில் வேகத்தோடு நிலைபேற்றையும் கருதவேண்டும் என்பதை 2022 உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. டொலரிற் செலுத்தும் வழங்கிக் கட்டணம், ஒரு சதமும் உயர்த்தப்படாமலே ரூபாக் கணக்கில் ஒன்றேமுக்கால் மடங்காயிற்று. உள்ளூரில் நம் அறையிலேயே கணனியை வைத்தாலென்ன எனில், அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை மறத்தலாகாது. வேகமானதாயினும் சங்கத்தால் மூன்றாண்டு தொடர்ந்து கட்டணம் செலுத்த இயலாத இடம் தக்க இடமாகாது. இலவச இடத்தை நம்புதலும் இடர் தருவதே. எத்தனையோ பேர் தம் பக்கங்களை இலவசமாக வைத்திருந்த ஜியோசிற்றிஸ் சேவையை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியபோது, பிறர் படியெடுத்துக் காத்தவை போக எஞ்சியவை மறைந்தொழிந்தன.

சங்கத் தளங்கள் மறைவதற்கு இவற்றினும் எளிய காரணமொன்று உண்டு. ஆர்வமுள்ள உறுப்பினர் ஒருவர் தம் பெயரிலும் தம் வங்கி அட்டையிலும் தளப்பெயரைப் பதிவுசெய்கின்றார். ஈராண்டில் செயற்குழு மாறுகின்றது. அவர் கடல்கடந்து செல்கின்றார். புதுப்பிக்கும் அறிவித்தல் எவரும் திறவாத மின்னஞ்சற் பெட்டிக்கு வந்து சேருகின்றது. தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆயினும் பத்தாண்டு மலர்கள் ஒருநாள் திரையிலிருந்து நீங்கிவிடுகின்றன. ஆதலால் தளப்பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாதல் வேண்டும். பொருளாளர் கணக்கேட்டை ஒப்படைப்பதுபோல, கடவுச்சொற்களும், புதுப்பிக்கும் திகதியும், முழுத்தளத்தின் மேலதிகப் பிரதியொன்றும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அடுத்த குழுவிடம் கையளிக்கப்படுதல் வேண்டும். இவ்வேலைக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. நூலைப் பேணியோர் நெடுங்காலம் காட்டிவந்த பொறுப்புணர்ச்சியே போதும். தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுக்களில் அமரும் மாணவர் இக்கடனைத் தமதெனக் கொள்வாராக.