ஆற்றில் போட்ட பொன்னும் அந்த 5 மதிப்பெண்ணும்... விருத்தாசலத்தில் ஒரு நீட் பயணம்!

“ஏய், அந்த அணு கேள்விக்கு நீ என்ன போட்ட?”

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் இப்படிக் கேட்டவள் என் தங்கை. பக்கத்தில் அவள் தோழி. மதியம் 2 மணி முதல் 5.20 வரை நீட் எழுதிவிட்டு, தோடு கழற்றிய வெறும் காதோடு இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துணைக்குப் போனவள் நான்.

ஓ.எம்.ஆர் ஷீட்டை வாங்கிக்கொண்டு வினாத்தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் பென்சிலைப் போல லேசாகப் போட்ட பேனா டிக்தான் இவர்களுக்கு மிச்சம். ஆளுக்கொரு வினாத்தாள் குறியீடு என்பதால் கேள்வி எண்ணும் ஒத்துப்போகாது. இவளுடைய கேள்வியை அவள் தாளில் தேடிப் பிடிப்பதற்குள் குறிஞ்சிப்பாடி தாண்டிவிட்டது.

சரியென்றால் 4, தப்பென்றால் மைனஸ் 1. மொத்தம் 720. விரல்விட்டு எண்ணி எண்ணி, வடலூரில் டீ குடிக்க இறங்கக்கூட இருவருக்கும் மனமில்லை.

சண்டை அந்த அணு கேள்வியில்தான். இரண்டு கூற்றுகள். அணுக்கள் மின்சுமையற்றவை என்பது முதலாவது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுபவை என்பது இரண்டாவது.

“ரேடியம் எப்படிடி நிலையா இருக்கும்? ரெண்டாவது தப்பு” என்றாள் தங்கை.

“புக்ல அப்படியேதான்டி இருக்கு. ரெண்டுமே சரி” என்றாள் தோழி.

மந்தாரக்குப்பம் வந்தது. இருட்டில் நெய்வேலியின் விளக்குகள் தெரிந்தன. சண்டை முடியவில்லை.

களிமண் ஊர்

விருத்தாசலத்துக்குப் புதிதாக வருபவர்கள் பீங்கான் தொழிற்பேட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் களிமண்தான் இந்தத் தொழிலுக்கு ஆதாரம். அகல்விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கேரியர் என்று பலதும் இங்கே பிறக்கின்றன. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்துக் காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு டிப்ளமோ கல்லூரியும் ஊரில் இருக்கிறது.

தோழியின் அம்மா இங்கே பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். மறுநாள் காலை பார்க்கப் போனபோது, “பாப்பா நல்லா எழுதியிருக்காளாம்மா?” என்று என்னிடம் கேட்டார். கையிலிருந்த பிரஷ் ஒரு நொடி நின்றது. “நல்லா எழுதியிருக்காங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

அங்கிருந்து விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். திருமுதுகுன்றம் என்பது ஊரின் பழைய பெயர். கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்து என்பார்கள், கோபுரங்களும் ஐந்து. உள்ளே வன்னிமரம். திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் இந்த மரத்தின் இலைகளைக் கொடுக்க, அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னானது என்பது தலபுராணம். “இந்த மரத்துகிட்டயே பேப்பர் திருத்தக் கொடுத்திருக்கலாம்க்கா” என்றாள் தோழி.

சுந்தரர் கதையும் இந்த ஊருடையதுதான். இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார். போடும் முன்பு ஒரு துண்டை மச்சமாக வெட்டிவைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. பதிகம் பாடிய பிறகே சரியானது என்கிறது பெரியபுராணம். கதையைக் கேட்ட இருவரும் பையிலிருந்த வினாத்தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை

ஜூன் 4 வந்த முடிவில் அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் தரப்பட்டிருந்தது. காரணம், என்.சி.இ.ஆர்.டி-யின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறு வேறாகச் சொன்னதுதான். பஸ்ஸில் நடந்த வழக்கில் இருவருக்கும் வெற்றி!

ஆனால், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி ஐ.ஐ.டி-யின் மூன்று நிபுணர்கள் ஆராய்ந்து, இரண்டாவது கூற்று தவறு, ஒரே ஒரு விடைதான் சரி என்றார்கள். ஜூலை 26 திருத்திய முடிவு வந்தது. இரண்டும் சரி என்று எழுதிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கிடைத்த 4 போய், மைனஸ் 1-ம் சேர்ந்து, ஆளுக்கு 5 மதிப்பெண் குறைந்தது. முழு 720 எடுத்தவர்களின் எண்ணிக்கையே 61-லிருந்து 17 ஆனது.

அன்று தோழி போன் செய்தாள். “உரைச்சுப் பார்த்துட்டாங்கக்கா. எனக்கு மாற்று குறைஞ்சிடுச்சு.”

அவள் படித்தது, சீனியர் அக்கா ஒருவர் கொடுத்த பழைய புத்தகம். புதிது வாங்குவது அந்த வீட்டில் பெரிய செலவு. தங்கையின் மதிப்பெண் மாறவில்லை. ஆனாலும், அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

அந்த 5 மதிப்பெண் இருந்திருந்தாலும் டாக்டர் சீட் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தோழி இப்போது ஊரிலேயே அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி படிக்கிறாள். போன முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது, அந்த இயற்பியல் புத்தகத்தைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுக்க எடுத்துவைத்திருந்தாள். புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தாள்:

‘இது பழைய பதிப்பு. புதுசோடு ஒப்பிட்டுப் பார்த்துப் படி.’