குமிழைத் திருகும் கை

கிளப் டிஜேக்கள் பயன்படுத்தும் மிக்ஸர்களில் பெரும்பாலானவற்றில் ஒலியை ஏற்றி இறக்குவது நேர்கோட்டில் நகரும் ஃபேடர். அந்த இடத்தில் பெரிய வட்டக் குமிழ் இருந்தால் அது ரோட்டரி மிக்ஸர். அதனோடு இணைத்துக்கொள்ளும் தனிப்பெட்டி ஒன்றும் உண்டு. ஒலியை பாஸ், மிட், ட்ரெபிள் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடியோடு அடக்கவும் உயர்த்தவும் வழிசெய்யும் அதற்கு ஐசொலேட்டர் என்று பெயர். இவற்றைக் கையால் கோத்தும் பழையவற்றைச் செப்பனிட்டும் வரும் லண்டன் பட்டறை ஒன்றின் வேலையைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். வாங்குபவர்கள் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ‘வார்ம்’ ஆன ஒலி. நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. இந்தக் கருவிக்கு மதிப்பைத் தருவது கைக்கு அது கொடுக்கும் நிதானமும், அதைச் செய்பவரின் அளவெடுப்பும்தான்.

நியூயார்க்கின் நடன அரங்குகளில் வேர்பிடித்த கருவி ரோட்டரி மிக்ஸர். ஸ்பீக்கர் தயாரிப்பில் பெயர்பெற்றிருந்த ரூடி போசாக், 1970களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் உருவாக்கிய சிஎம்ஏ-10-2டிஎல் மிக்ஸர் டிஸ்கோ காலத்துக் கிளப்புகளின் அடையாளமாயிற்று. 1980களில் யூஆர்இஐ நிறுவனத்தின் 1620 அதே அமைப்பைப் பின்தொடர்ந்தது. வானொலி நிலையங்களின் ஒலிமேசைகளில் வட்டக் குமிழ் நெடுங்காலம் புழங்கிய ஒன்று. டிஜேயின் விரலை மனதில் வைத்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கிளப்புக்கு வந்தபின் அது விரலை என்ன செய்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டிஜே மிக்ஸர்களின் ஃபேடர் பொதுவாக 45 அல்லது 60 மில்லிமீட்டர் நகரும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ் 300 பாகை சுழன்றால் அதன் விளிம்பில் விரல் கடக்கும் தூரம் ஏறத்தாழ 79 மில்லிமீட்டர். குமிழ் 40 மில்லிமீட்டர் என்றால் 105. அதே ஒலி மாற்றத்துக்கு விரலுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது, அதனால் நுணுக்கமும் கூடுகிறது. இதைவிட முக்கியமானது, 300 பாகையையும் ஒரே திருகில் கடக்க மணிக்கட்டால் முடியாது என்பது. நடுவில் பிடியை மாற்றித்தான் ஆகவேண்டும். எனவே ஒரு பாட்டை வெட்டி மற்றொன்றைப் பொருத்துவதைவிட, இரண்டையும் ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஒன்றோடொன்று இழையவிடுவது இதில் இயல்பாக வருகிறது. தாளத்தோடு தொடங்கித் தாளத்தோடு முடியும் டிஸ்கோ, ஹவுஸ் பாடல்களுக்கு அந்த இழைவுதான் உயிர்.

ஐசொலேட்டரின் கதையும் நியூயார்க்குடையதே. 1977 முதல் 1987 வரை கிங் தெருவில் இயங்கிய பாரடைஸ் கராஜ் கிளப்பில் ஒலியமைப்பைச் செய்தவர் ரிச்சர்ட் லாங். அங்கே இசைத்தவர் லேரி லெவன். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸோவரையே லெவன் ஒரு வாத்தியமாக்கினார்: பாஸை முற்றாக இழுத்துக்கொண்டு அரங்கைக் காத்திருக்க வைப்பார், பிறகு திருப்பித் தருவார். பிற்காலத்தில் அந்த வேலை தனிப்பெட்டிக்கு மாறியது. சாதாரண டோன் கன்ட்ரோல் செய்வதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? டோன் கன்ட்ரோலின் சரிவு மென்மையானது. பாஸைக் குறைத்தாலும் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும், பக்கத்து ஒலிகளும் சேர்ந்து மங்கும். நல்ல ஐசொலேட்டர்கள் பலவற்றில் இருப்பது ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரால் அறியப்படும் அந்த வடிகட்டி, பிரிவுப் புள்ளியிலிருந்து ஒரு ஆக்டேவ் தள்ளியே மின்னழுத்தத்தைப் பதினேழில் ஒரு பங்காக்கிவிடும். பாஸ் டிரம் போய்விடும், பாடகியின் குரல் மட்டும் துலக்கமாக நிற்கும்.

அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பது பட்டறை மேசையில் தெரிந்தது. ஸ்டீரியோ குமிழின் அடியில் இடது, வலது என இரண்டு கார்பன் தடங்கள் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருக்கும். ஒலி குறைவாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் நடப்பதில்லை; பாட்டு மெல்ல எழும்போது ஒரு பக்கமாகச் சாயும். அதனால் அங்கே ஒவ்வொன்றையும் பல நிலைகளில் மீட்டரில் அளந்து, தேறாதவற்றை ஒதுக்குகிறார்கள். திருகும்போது கை உணரும் இறுக்கத்தையும் அடுத்தடுத்த குமிழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஐசொலேட்டருக்கு இதைவிடக் கடுமையான தேர்வு. வடிகட்டியின் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒரே திசையில் 5 சதவீதம் பிசகினால் பிரிவுப் புள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவு நகரும். மூன்று பகுதிகளும் திரும்பச் சேரும் இடத்தில் மேடோ பள்ளமோ விழும். ஆகவே உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அளந்து, ஜோடி சேர்த்து, பிறகுதான் பற்றவைக்கிறார்கள். மூன்று குமிழ்களும் நடுவில் இருக்கும்போது பெட்டியை இணைத்தாலும் நீக்கினாலும் வேறுபாடு காதுக்கு எட்டக்கூடாது என்பதே இறுதிச் சோதனை. பல மணி நேரக் கவனத்தின் பலன், கேட்பவருக்கு எதுவும் தெரியாமலிருப்பது. இந்த உழைப்புக்கு விளம்பரங்களில் ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒலித் தரத்தில் நல்ல டிஜிட்டல் மிக்ஸர் குறைந்ததல்லவே என்பார்கள். இரைச்சலையும் சிதைவையும் கருவிகொண்டு அளந்தால் பல நேரங்களில் அதுவே முந்தும். அதனால்தான் ‘வார்ம்’ என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. டிஜேஎம்-900 நெக்ஸஸ் போன்ற மிக்ஸரில் ஈக்யூ எனும் டோன் கன்ட்ரோலையே ஐசொலேட்டராக மாற்றும் சுவிட்ச் இருக்கிறதே, தனிப்பெட்டி ஏன் என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் அது ஒவ்வொரு சேனலிலும் சிறு குமிழாக, நெருக்கத்தில் இருக்கிறது. தனிப்பெட்டி மொத்த ஒலியையும் உள்ளங்கை நிறையும் மூன்று குமிழ்களில் தருகிறது. ஸ்கிராட்ச் செய்யும் ஹிப்ஹாப் டிஜேக்களுக்கு ரோட்டரி உதவாது, அவர்களுக்கு வேண்டியது ஒரு பாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாற்றும் கிராஸ்ஃபேடர். அதை மறுக்க எதுவுமில்லை. ஐசொலேட்டர் தவறான கையில் கேடு செய்யும் என்பதும் மெய். பாஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபையர் நான்கு மடங்கு சக்தி தரவேண்டும். ஏற்கெனவே எல்லையில் ஓடும் அமைப்பில் ஒலி கரகரத்து, ஸ்பீக்கரின் கம்பிச்சுருளே எரிந்துபோகலாம். அடக்குவதற்காகவே இதை முதலில் பழக வேண்டும், உயர்த்துவதற்காக அல்ல.

விலைதான் எனக்கும் கனமாகத் தோன்றும் மறுப்பு. கையால் கோத்த ரோட்டரி, தொடங்கும் நிலையிலுள்ள டிஜேக்கு எட்டாத பொருள். ஆனால் பழைய மிக்ஸர்கள் அதே பட்டறைக்குச் செப்பனிட வருவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றி, தேய்ந்த குமிழ்த் தடத்துக்குப் புதியது வைத்து, சுவிட்சுகளைச் சுத்தம் செய்தால் அவை மீண்டும் கிளப்புக்குப் போகின்றன. எல்லா ரோட்டரிகளும் இப்படிப்பட்டவை அல்ல; உள்ளே கை நுழையாதபடி நெருக்கிக் கட்டப்பட்டவையும் இப்போது வருகின்றன. எனவே வாங்க நினைப்பவர்கள் முகப்பின் அழகையோ பெயரையோ பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: சர்க்யூட் வரைபடம் தருவீர்களா, குமிழின் அடியிலுள்ள பாகம் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்பவரிடமே வாங்குங்கள்.