பெயர் மாறிய வானொலி

நிறுவனங்கள் தம் பெயரை மாற்றிக்கொள்ள ஓர் அறிவிப்பும் ஒரு புதிய பலகையும் போதும். பழைய பெயரைச் சொல்லிப் பழகிய நாவுகளுக்கு அந்த வேலை அவ்வளவு விரைவில் முடிவதில்லை. மேலப்பாளையத்தில் அறுபதைத் தாண்டிய எவரிடமேனும் இளமையில் கேட்ட பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். 'சிலோன் ரேடியோ' என்றுதான் தொடங்குவார். அந்தப் பெயரில் இயங்கிய நிலையம் 1967ஆம் ஆண்டிலேயே கூட்டுத்தாபனமாகிவிட்டது. 1972இல் நாடே குடியரசாகித் தன் ஆங்கிலப் பெயரையும் மாற்றிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் 'சிலோன்' போய் 'ஸ்ரீலங்கா' வந்தது. தமிழ் அறிவிப்பாளர்களுக்கோ 1972இல் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அதற்கு முன்பும் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்றார்கள், பின்பும் அவ்வாறே என்றார்கள். தமிழ் அந்தத் தீவை என்றும் இலங்கை என்றே அழைத்து வந்திருக்கிறது. 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர்கள் கடலுக்கு இப்பால் இருந்த நாம்தாம்!

பற்றியதற்குக் காரணம் இருந்தது. வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால், நெல்லைக்குச் சென்னையைக் காட்டிலும் கொழும்பு அண்மையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி அந்த ஒலி இங்கே தெளிவாக வந்து சேர்ந்தது. அத்துடன் 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களுக்கு இந்திய வானொலியின் கதவைச் சாத்தினார். பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கியதும், 1963இல் நம் திருநெல்வேலியிலேயே வானொலி நிலையம் அமைந்ததும் பின்னர் நடந்தவை. அதற்குள் செவிகள் பழகிவிட்டன.

எங்கள் தெருவில் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுவார்கள். இலையை வெட்டும் கத்தரியும், தூளை அள்ளும் விரலும் பாட்டின் போக்கிலேயே ஓடும். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் பி. எச். அப்துல் ஹமீதின் குரல் எழுந்தால் தெரு முழுவதும் ஒரே வீடாகிவிடும். நம்மவர் ஒருவர் இத்தனை தூய தமிழ் பேசுகிறாரே என்று உம்மா பெருமைப்படுவார். தமிழை மேடைப் பேச்சாளர்களிடமும் பள்ளியிலும் கற்றதாகச் சொல்வோர் உண்டு. எங்கள் தெருப் பெண்கள் திருத்தமான உச்சரிப்பை வானொலிப் பெட்டியிடம் கற்றார்கள். அதை எந்த இலக்கிய வரலாறும் எழுதப்போவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. இலண்டன் பி.பி.சி. 1941 மே மாதத்தில் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் 'ஒலிபரப்புக் கலை' நூலை எழுதிய யாழ்ப்பாணத்தவர் சோ. சிவபாதசுந்தரம். பாரதியின் சொல் அது. வல்லரசு ஒன்றின் குரலாகப் பிறந்த ஒலிபரப்பை நம் வீட்டுப் பிள்ளையாக்கியது அந்தப் பெயர்தான். இரவு 9.15க்குப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் 'பி.பி.சி. கேட்கிறோம்' என்று சொன்னதைவிடத் 'தமிழோசை கேட்கிறோம்' என்று சொன்னதே அதிகம். 2017 ஏப்ரல் 30ஆம் நாள் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. சேவை இணையத்தில் தொடர்கிறது. பெயர் 'பி.பி.சி. தமிழ்' என்றாகிவிட்டது. உலகெங்கும் ஒரே அடையாளம் வேண்டும் என்பது பெரிய நிறுவனங்களின் கணக்கு. கணக்கில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓசை போய்விட்டது.

பெயர் மாற்றமே கூடாது என்று சொல்ல நமக்கு இடமில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். 'மாறு செய்பவள்' என்ற பொருள் தரும் ஆஸியா, ஜமீலா ஆனார். யத்ரிப், மதீனா ஆயிற்று. பொருளில் குற்றமிருந்தால் பெயரை மாற்றுவது நபிவழி. இலங்கை தன் அடிமைக் காலத்துப் பெயரைக் களைந்ததையும் இந்த வகையில் சேர்க்கலாம். ஹஸ்ன் என்பவரின் செய்தியும் உண்டு. அப்பெயருக்குக் கரடுமுரடு என்று பொருள். 'நீர் ஸஹ்ல்' என்று, மென்மை என்னும் பொருளில் நபியவர்கள் கூறியபோது, தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். அதன்பின் அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸையப் (ரஹ்) சொன்னதாக புகாரியில் காண்கிறோம். பழம்பெயரில் பிடிவாதம் கொள்வோர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் நினைத்துப் பார்த்தேன். 'தமிழோசை' என்பதில் என்ன கடுமை இருந்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

2023 மே மாதத்தில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரைக் கைவிட்டு 'ஆகாசவாணி' என்றே அழைக்க வேண்டும் என்று பிரசார் பாரதி உத்தரவிட்டது. தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. மைசூரில் 1935இல் தனியார் முயற்சியாக எழுந்த சிறு நிலையத்தின் பெயர் அது. அழகிய பெயர்தான். ஆனால் நமக்கு 'வானொலி' என்ற சொல் வாய்த்திருக்கிறதே!

வாப்பா விட்டுச்சென்ற வால்வுப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. அது பாடி நெடுங்காலமாயிற்று. முகப்புக் கண்ணாடியில் டெல்லி, மெட்ராஸ், சிலோன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. மெட்ராஸ் 1996இல் சென்னையாயிற்று. சிலோன் என்ற எழுத்துகளின் மேல் மட்டும் முள் நின்று நின்று ஒரு கோடு விழுந்திருக்கிறது.