விரல் அறிந்த பிழை

தவறு செய்தவன் அதனைப் பிறர் சுட்டிய பின்னரே உணர்கிறான் என்பது உலகோர் எண்ணம். ஆசிரியரின் சிவப்பு மையும், மெய்ப்புத் திருத்துவோரின் குறியும், மேலதிகாரியின் கடுஞ்சொல்லும் இவ்வெண்ணத்தின் மீதே எழுந்தவை. மூளையை ஆய்ந்தவர்கள் நமக்குச் சொல்லும் செய்தியோ வேறு.

1966-ஆம் ஆண்டில் பேட்ரிக் ராபிட் என்னும் பிரிட்டிஷ் உளவியலறிஞர் எளியதொரு சோதனை நடத்தினார். கண்முன் தோன்றும் குறிகளுக்கேற்ப விசைகளை விரைந்து அழுத்த வேண்டும், அவ்வளவே. பிழை நேர்ந்தால் அறிவிக்க மணியும் இல்லை, ஆளும் இல்லை. எனினும் பிழைத்தவர்கள் தம் பிழையைத் தாமே உணர்ந்து நொடிப்பொழுதில் திருத்தினர். அது மட்டுமன்று, பிழைக்கு அடுத்த முறை அவர்தம் விரல்கள் சற்றே தாமதித்தன.

இத்தாமதத்தைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. தட்டச்சுப் பயிலகம் ஒன்றின் அண்டையில் சில ஆண்டுகள் குடியிருந்த காலை, அதன் ஓயாத ஒலி நமக்கு முதலில் பெருந்தொல்லையாகவே இருந்தது. நாளடைவில் அவ்வொலிக்குள் ஒரு தாளம் உண்டென்பது புலனாயிற்று. தேர்ந்த கை ஒரே சீராக ஓடும், திடுமென ஓரிடத்தில் தயங்கும், மீண்டும் ஓடும். அங்கிருந்த ஆசிரியர் தாளைப் பாராமலேயே, "எழுத்து மாறிற்றா தம்பி?" என்று கேட்பார். பெரும்பாலும் மாறித்தான் இருக்கும்!

அத்தயக்கத்தின் பிறப்பிடம் மூளையில் தென்பட 1990-ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஃபால்கென்ஸ்டைன் குழுவினரும், அமெரிக்காவின் இல்லினாய்ஸில் கெரிங் முதலானோரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, விசைகளை அழுத்தச் செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிந்தபோது, தவறான விசையில் விரல் பட்டு ஒரு நொடியின் பத்திலொரு பங்கு கழியுமுன்னரே நெற்றிக்குப் பின்னே, நடுத்தலையை ஒட்டி, கூர்மையான அலையொன்று எழுந்தது. சரியாக அழுத்தியபோது அது அவ்வாறு எழவில்லை. மூளையின் இரு பாதிகளும் எதிர்கொள்ளும் உட்பக்கத்தில், முன்புறமாக அமைந்த மடிப்பொன்றே இதன் தோற்றுவாய் என்பது பலர் முடிபு. விரைவைவிடத் திருத்தத்தையே பெரிதெனக் கருதச் சொன்னால் அலையும் பெரிதாயிற்று. பிழையைப் பொருட்படுத்தும் அளவும் அவ்வலையில் பதிவாகிறது போலும்.

இதனைத் தொடர்ந்து இரண்டாவது அலையொன்றும் உண்டு; அது சற்று மெதுவாக எழுவது. கண்ணசைவை வைத்து 2001-இல் வெளியான ஆய்வொன்றில், தாம் பிழைத்ததை அறியாதவர்களிடத்தும் முதல் அலை எழுந்தது. இரண்டாம் அலையோ, 'பிழைத்தோம்' என்று உணர்ந்தபோதுதான் ஓங்கியது. அறியாப் பிழையில் முதல் அலையும் சற்றுத் தாழ்கிறது என்போர் பின்னர் வந்ததுண்டு. அவ்வழக்கு நீளமானது, அதனை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம்.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது 2010-ஆம் ஆண்டில் லோகன், கிரம்ப் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வாகும். அவர்கள் தட்டச்சில் கைதேர்ந்தவர்களை அமர்த்தி, கணினித் திரையில் ஒரு சூழ்ச்சி செய்தனர். சரியாகத் தட்டிய சொல்லில் சிலபோது பிழையைப் புகுத்திக் காட்டினர். பிழையாகத் தட்டியதைச் சிலபோது ஓசையின்றித் திருத்திக் காட்டினர். தட்டியவர்களோ திரையை நம்பினர். செய்யாத பிழைக்குப் பழி ஏற்றனர். தாம் எழுதாத திருத்தத்திற்குப் பெருமையும் கொண்டனர். சூழ்ச்சியை முன்கூட்டியே அறிவித்தபோது புகுத்திய பிழைகளைப் பிரித்தறிந்தனர். ஆயினும் கணினி திருத்தித் தந்தவற்றைத் தமதென்றே சொல்லி வந்தனர். பெருமையைக் கைவிடுவது பழியைக் கைவிடுவதினும் கடினம் போலும்!

விரல்கள் மட்டும் ஏமாறவில்லை. உண்மையில் பிழைத்த இடத்தில்தான் அவை தயங்கின. திரையில் அப்பிழை மறைக்கப்பட்டிருந்தாலும் தயங்கின. பொய்ப் பிழை தோன்றிய இடத்தில் தயங்காமல் சென்றன. ஒரே ஆளுக்குள் இரண்டு கணக்கர்கள்: ஒருவர் செய்கையைப் பார்த்துக் கணக்கெழுதுகிறார், மற்றவர் திரையைப் பார்த்து எழுதுகிறார். வெளியில் வந்து பேசுகிறவர் இரண்டாமவரே என்பதுதான் இடர்.

அவ்வாறாயின் முதல் அலை பெரிதாக இருப்பதே நலமன்றோ என்று கேட்கத் தோன்றும். அன்று. செய்ததையே ஐயுற்று மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் மனநோய் உடையாரிடம் அவ்வலை மிகைப்பட்டிருப்பதை 2000-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. 2012-இல் வெளியானதொரு சோதனையில், சில பிழைகளுக்குத் தண்டமாகக் காதைத் துளைக்கும் ஓசையை எழுப்பினர். அப்பிழைகளுக்கு அலை உயர்ந்தது. ஓசையை நிறுத்திய பின்னரும் உயர்ந்தே நின்றது.

சிறுவரிடத்தில் இவ்வலை இயல்பாகச் சிறியது. பருவம் ஏற ஏற வலுக்கும். அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று, மூன்று வயதில் கடுமையாக நடத்தப்பட்ட குழந்தைகளை ஆறாம் வயதில் சோதித்தது. பிழைத்தபோது அவர்களிடம் எழுந்த அலை மற்றக் குழந்தைகளுடையதைவிடப் பெரிதாக இருந்தது; அச்சமும் கவலையும் பற்றும் நோய்க்கும் அதற்கும் தொடர்பு காணப்பட்டது. அப்பிள்ளைகளுக்கு அன்று இடப்பட்ட வேலை, திரையில் தோன்றும் முக்கோணங்களுக்கேற்பப் பொத்தானை அழுத்துவதே. அதட்டுவார் எவரும் அவ்வறையில் இல்லை.