மாமாவும் பாட்டுப் பெட்டியும்

எங்கள் மாமா வீட்டில் இரண்டு வார்த்தைகளுக்குத் தடை உத்தரவு உண்டு. ஒன்று 'சர்க்கரை', அது டாக்டர் போட்டது. மற்றது 'கம்ப்யூட்டர்', அது மாமாவே போட்டது.

மாமா தபலாக்காரர். காலை ஒரு கால்ஷீட், மாலை ஒரு கால்ஷீட் என்று கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் ஓடியவர். மாமி பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு வாசலிலேயே நிற்பாளாம். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், "அந்தப் பெட்டி வந்தது, என் பெட்டியை மூடினேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

சென்ற மார்கழியில் பூநாரைகளைப் பற்றி எழுதி வரும்படி என்னைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். "நானும் வருகிறேன், வீட்டில் மோட்டுவளையைப் பார்ப்பதற்குப் பறவையைப் பார்க்கலாம்" என்று மாமாவும் கிளம்பிவிட்டார்.

பூநாரைகள் வெகு தூரத்தில், யாரோ ரோஜா நிறப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி நின்றன. கோட்டைக்குப்பத்துக் கரையில், இழுத்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்தோம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பக்கத்திலேயே கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறை வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பெயர் 'பாடு'.

"பாடா? பேஷ்!" என்று மாமா நிமிர்ந்தார்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய கைப்பேசி மணி அடித்தது. மணியா அது? 'புன்னகை மன்னன்' படத்தின் இசை! மனிதர் எடுத்துப் பேசக் காணோம்.

"யாரோ கூப்பிடுகிறார்களே?" என்றேன்.

"இருக்கட்டும்மா. டியூன் முடியட்டும்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் மாமா வீட்டில் ரேடியோவில் அந்த இசை வந்தால் ரேடியோவையே அணைத்து விடுவார்கள். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் விரல்கள் படகுப் பலகையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன!

வாசகிகளுக்கு இந்த இடத்தில் பெட்டியின் சரித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்குத் தெரியாமல் நான் விசாரித்து வைத்திருந்தது அது. 1986-ல் வந்த கே. பாலசந்தரின் அந்தப் படத்துக்கு இளையராஜா யமஹா சி.எக்ஸ். 5 எம். என்ற கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். பாட்டுக்குக் கம்ப்யூட்டர் என்பது அப்போது நம் நாட்டுக்குப் புதுச் சங்கதி. ஏதோ பூதாகாரமான யந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்தான். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. அதை டெலிவிஷனோடு இணைக்க வேண்டும். ஹார்மோனியக் கட்டைகள் போல இன்னொரு பலகையும் செருகிக்கொள்ளலாம். அதன் ஞாபகசக்தி வெறும் 32 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாது. ஆனால் ஒரே சமயத்தில் எட்டுக் குரல் கொடுக்கும் இசைச் சில்லு ஒன்று அதன் வயிற்றில் இருந்தது. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எத்தனை நேரம் என்று திரையில் எழுதி வைத்துவிட்டால் அட்சரம் பிசகாமல் வாசிக்கும். ஏறக்குறைய ஏரிக்காரர்களின் பாடு மாதிரிதான். சீட்டுக் குலுக்கலும் சண்டையும் மட்டும் கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் வாசிக்கும். காப்பி கேட்காது.

1983-லேயே வாத்தியங்களும் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்று ஒரு பொது பாஷை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வேகம் கேட்பானேன்! இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர் 1989-ல் வீட்டோடு ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது உலகம் அவரை ஏ. ஆர். ரஹ்மான் என்று அறிந்தது.

டியூன் முடிந்தது. மாமா பலகையில் தட்டுவதை நிறுத்திவிட்டு, படகின் எஞ்சினைக் காட்டி, "இது எப்போது வந்தது?" என்று கேட்டார்.

"நான் சின்னப் பையனா இருக்கச்சே சார். எங்க நைனா அதைத் தொடவே மாட்டேன்னுட்டாரு. கோல் ஊனித் தள்ளுற கைன்னு ஒரே வீறாப்பு. ஆறு மாசம். அப்புறம் ஒரு நாள் அவரே கழட்டிப் பார்த்தாரு. எங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்ததே நைனாதான்."

மாமா வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், "என்னையும் கூப்பிட்டார்கள்டி" என்றார்.

"யார் மாமா?"

"பெட்டி வைத்திருந்த பையன் ஒருத்தன். கெட்டிக்காரன்தான், ஆனால் தாளத்தில் நெளிவு வரவில்லை. 'அண்ணா, நீங்க பக்கத்திலே உட்கார்ந்து சொல்லுங்கோ. ரெண்டு மாசத்திலே நீங்களே வாசிக்க வைக்கலாம்' என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தோலைத் தொட்ட கை பித்தானைத் தொடாது' என்று வசனம் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கிறேன், சாவி துவாரத்தில் போகமாட்டேன் என்கிறது. கை அப்படி நடுங்கியது."

"மாமிக்குத் தெரியுமா?"

"பெட்டி என்னைத் துரத்திவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோடை விடுமுறைக்கு நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மாமி ஊராருக்கெல்லாம் ரவிக்கை தைத்துத்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தாள். "பாவம், அவர் என்ன செய்வார்? மெஷினோடு மனுஷன் போட்டி போட முடியுமா?" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

இரவு வீடு திரும்பியதும் மாமி கேட்டாள்: "என்ன பார்த்தீர்கள்?"

"பூநாரை" என்றார் மாமா. "ஒற்றைக் காலில் நிற்கிறது."

"அவ்வளவுதானா?"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்தார். "இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீ கொஞ்சம் உட்காரேன்" என்றார்.

காப்பி போடுகிற சாக்கில் நான் சமையலறைக்குள் நுழைந்துகொண்டேன்.