நெட்டை வெச்சது யாருக்காக?



ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க ரூம்மேட் லீவு முடிஞ்சு வரும்போது ஊர்லேர்ந்து என்ன கொண்டு வருவார்? முறுக்கு? ஊறுகாய்? என் ரூம்மேட் தேங்காய் கொண்டு வருவான். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குப் பை நிறைய. மெஸ் அக்காவுக்குப் பாதி போயிடும். மீதி எங்க கட்டிலுக்கு அடியில உருண்டு கிடக்கும். அதனாலேயே எங்க பிளாக்ல அவனுக்குப் பேரு ‘தேங்கா’. அவனும் சிரிச்சுக்குவான்.

நான் சென்னைக்காரன். எனக்குத் தேங்காய்னா மளிகைக் கடையில தட்டிப் பார்த்து வாங்குற பொருள், அவ்வளவுதான். அவன் தோப்பைப் பத்தி ரெண்டரை வருஷத்துல ஒரு கேள்வி கூட நான் கேட்டதில்லை.

2025 டிசம்பர் லீவுல அவன் ஊருக்குப் போனேன். பாசத்துல போனேன்னு நினைச்சுடாதீங்க. ப்ராஜெக்டுக்காகப் போனேன். நாங்க ரெண்டு பேரும் மெக்கானிக்கல், மூணாம் வருஷம். ‘மோட்டார் வைத்த தென்னை மரம் ஏறும் கருவி’னு தலைப்பு கொடுத்துட்டோம். மரம் ஏற ஆள் கிடைக்கலைனு எல்லாரும் சொல்றாங்க, நாம ஒரு மெஷின் செஞ்சா பிரச்சினை தீர்ந்துடும்னு கணக்கு. மரத்தோட சுற்றளவு எடுக்கணும். டேப், நோட்டு, வெர்னியர் காலிப்பர் எல்லாம் எடுத்துக்கிட்டேன். (வெர்னியரை வெச்சு தென்னை மரத்தை அளக்க முடியாதுனு அங்க போனப்புறம்தான் உறைச்சது. சிரிக்காதீங்க.)

கோயம்புத்தூர்லேர்ந்து ராத்திரி பஸ். விடியற்காலை தஞ்சாவூர், அங்கேர்ந்து பட்டுக்கோட்டை, அப்புறம் பேராவூரணி, கடைசியா அவனோட பைக். தஞ்சாவூர் ஜில்லான்னா கண்ணுக்கெட்டின வரைக்கும் நெல்லுனு நினைச்சிருந்தேன். பட்டுக்கோட்டை தாண்டினதும் ரெண்டு பக்கமும் தென்னை. “எங்க ஊரு கடைமடை”னான். 1934-ல திறந்த கல்லணைக் கால்வாய்த் தண்ணிதான் இந்தப் பக்கத்துக்குப் பாசனம். ஆனா வர்ற வழியில எல்லாருக்கும் போக மிச்சம் இருந்தாத்தான் கடைமடைக்கு. அதனாலதான் நெல்லை விட்டுட்டு போர் போட்டுத் தென்னைக்கு மாறினாங்களாம் அவன் தாத்தா காலத்துல.

தோப்பைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணு விசித்திரமா பட்டது. அங்கொண்ணும் இங்கொண்ணுமா ரொம்ப உயரமான மரங்கள். நடுவுல எல்லாம் சின்ன மரங்கள், மட்டை கையால தொடுற உயரத்துல. “ஏண்டா இப்படி ஒழுங்கில்லாம நட்டிருக்கீங்க?”னு கேட்டேன்.

“ஒழுங்காத்தான் நட்டிருந்தோம். கஜா.”

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துல கரையைக் கடந்தது. அப்ப நாங்க எட்டாங்கிளாஸ். எனக்கு அது டிவியில ஓடின ஒரு பேரு. அவனுக்கு அன்னிக்கு ராத்திரி வீட்டு ஓடு ஒவ்வொண்ணா பறந்த சத்தம். முதல்ல ஒரு பக்கத்திலேர்ந்து அடிச்ச காத்து, கொஞ்ச நேரம் அடங்கி, அப்புறம் எதிர்ப்பக்கத்திலேர்ந்து அடிச்சுதாம். முதல் காத்துல ஆட்டம் கண்ட மரம் ரெண்டாவது காத்துல விழுந்துச்சு. மூணு ஏக்கர்ல 210 மரம் இருந்தது. விடிஞ்சப்போ நின்னது 38.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். வேம்போ புளியோ முறிஞ்சா பக்கத்துல துளிர் விடும். தென்னைக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதுக்கு உச்சியில இருக்கிற ஒரே ஒரு குருத்துதான் உயிர். அது முறிஞ்சா மரம் முடிஞ்சது. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிச்சது. “வெட்டி அப்புறப்படுத்தவே அது சரியாப் போச்சு தம்பி”ன்னார் அவன் அப்பா. அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. மக்கின தென்னந்தண்டுல காண்டாமிருக வண்டு பெருகி, நிக்கிற மரத்தோட குருத்தையும் குடைஞ்சுடும்.

எங்க ஹாஸ்டல்ல ராத்திரி காத்து பலமா அடிச்சா என் ரூம்மேட் எழுந்து உட்கார்ந்துடுவான். ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, விடியற வரைக்கும் போனைப் பார்த்துக்கிட்டே இருப்பான். நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணியிருக்கோம். நானும் பண்ணியிருக்கேன். அந்த 38 மரத்துக்கு நடுவுல நின்னப்போ அது ஞாபகம் வந்துச்சு. என்ன சொல்றதுனு தெரியாம டேப்பை எடுத்து மரத்தை அளக்க ஆரம்பிச்சுட்டேன்.

மறுநாள் வெட்டு. ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு தடவை காய் பறிப்பாங்க. மரம் ஏறுற அண்ணன் வந்தார், ஐம்பது வயசு இருக்கும். காலுக்கு ஒரு தளைக்கயிறு, இடுப்புல அரிவாள். நான் மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு நின்னேன். உச்சிக்குப் போக ஒரு நிமிஷம் கூட ஆகலை. ஆனா மேல போய் ரொம்ப நேரம் இருந்தார். காய்ஞ்ச மட்டை, பன்னாடை எல்லாம் இழுத்துப் போட்டார். எந்தக் குலை முத்தினது, எது இன்னும் ஒரு மாசம் நிக்கணும்னு பார்த்து வெட்டினார். குருத்துல வண்டு இருக்கானு துழாவினார். மட்டை இடுக்குல வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போட்டார்.

இறங்கினதும் எங்க மெஷின் டிசைனைக் காட்டினேன். பொறுமையா பார்த்தார். “ஏறுறது வேலை இல்ல தம்பி. மேல போனப்புறம்தான் வேலை. உங்க மெஷினுக்கு முத்துன காய் எது, இளங்காய் எதுன்னு தெரியுமா?”

அதோட விடலை. எங்க கிளாம்ப் ஒரே சுற்றளவுக்குப் போட்ட டிசைன். மரமோ அடியில பருத்து, மேல போகப் போகச் சிறுத்து, நடுவுல வளைஞ்சு நிக்குது. “சரி அண்ணே, உங்களுக்கு என்னதான் வேணும்?”னு கேட்டேன். இந்தக் கேள்வியை நாங்க தலைப்பு கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்.

“விழாம இருக்க ஏதாச்சும் பண்ணுங்க. எங்க அண்ணன் மழை நாள்ல வழுக்கி விழுந்து இடுப்பு போயிருச்சு. ஒம்பது வருஷமா படுக்கையிலதான் இருக்கார்.”

தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுறவங்களுக்காக ‘கேரா சுரக்ஷா’னு ஒரு விபத்துக் காப்பீட்டுத் திட்டம் வெச்சிருக்கு. அந்த அண்ணனுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியலை. அன்னிக்கு சாயங்காலம் என் மொபைல்ல தேடி விவரத்தைத் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். அந்த ஊர்ல நான் செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

உருப்படாத வேலையும் சொல்லிடறேன். கம்பியில குத்தித் தேங்காய் உரிக்க முயற்சி பண்ணினேன். ஒரு காய்க்கு பதினோரு நிமிஷம், கையில ரெண்டு கொப்புளம். என் ரூம்மேட் வந்தான். குத்தினான், திருப்பினான், மறுபடி குத்தினான். மட்டை தனியா காய் தனியா வந்துடுச்சு. வைவால எக்ஸாமினர் முன்னாடி பேரைச் சொல்லவே திணறுற அதே ஆளுதாங்க!

காயை வண்டியில ஏத்தும்போது வியாபாரி நூறுக்கு இத்தனைனு லாபக்காய் எடுத்துக்கிட்டார். அதுக்குக் காசு கிடையாது. அவன் அப்பா அதைப் பார்த்துக்கிட்டே நின்னார், ஒண்ணும் சொல்லலை.

மூணாவது நாள் காலையில அப்பா எங்களை எழுப்பினார். ஒரு சின்ன மரத்துல பாளை வெடிச்சிருந்தது. புயலுக்கப்புறம் வெச்ச 172 கன்னுல அதுதான் முதல் பாளை. அப்பாயி கம்பை ஊன்றிக்கிட்டே வந்து, நெத்தியில கை வெச்சு அண்ணாந்து பார்த்தாங்க. “குரும்பை நிக்குமாடா?”

“முதப் பாளை, கொட்டத்தான் செய்யும். அடுத்தடுத்து வர்றது நிக்கும்”னார் அப்பா. குரல்ல சந்தோஷத்தைக் காட்டிக்கலை. ஆனா அன்னிக்குக் காலையில மட்டும் மூணு தடவை ஏதோ ஒரு சாக்கு சொல்லி அந்த மரத்துப் பக்கம் போனார். நான் எண்ணினேன்.

பக்கத்துத் தோப்புக்காரர் புயலுக்கப்புறம் குட்டை ரகம் வெச்சார். அது மூணு நாலு வருஷத்துலயே பாளை விடும். அவர் இப்போ இளநீர் வித்துக்கிட்டிருக்கார். இவரோ நெட்டை வெச்சார். அந்த 38 மரத்தோட காய்லேர்ந்தே நாத்து விட்டு, 2020 தை மாசம் நட்டார். ஆறு வருஷம் ஆகப் போகுது, இப்பத்தான் ஒரு பாளை. நடுவுல அம்மா நகை அடகுக்குப் போச்சு, பையன் படிப்புக்கு பேங்க் லோன். ஏன் இப்படிப் பண்ணினார்னு எனக்குப் புரியலை. “அந்தக் காத்துல நின்ன மரமாச்சே தம்பி, அதோட வித்து வேணாமா?”ன்னார்.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்திருந்தோம். என் ரூம்மேட் திடீர்னு கேட்டான். “அப்பா, என்னைய பெங்களூரு போ, வெளிநாடு போங்கிற. இங்க அறுபது வருஷம் காய்க்கிற மரத்தை வெச்சிருக்க. யாருப்பா இதைப் பார்ப்பா? யாருக்காக வெச்ச?”

ரொம்ப நேரம் பதில் இல்லை. எழுந்து உள்ளே போயிடலாமானு எனக்குத் தோணுச்சு.

“உனக்குன்னு வெக்கல”ன்னார் கடைசியா. “விழுந்த இடத்துல வெச்சேன். பொட்டலா பார்க்க முடியல. நீ வந்தா வா, வராட்டி போ. காய் விழுந்தா பொறுக்க யாராச்சும் இருப்பாங்க.” கொஞ்சம் விட்டு, “விக்கிறதா இருந்தா மட்டும் நான் இருக்கும்போதே சொல்லிரு. பின்னாடி கேள்விப்பட வேணாம்”ன்னார்.

அவன் ஒண்ணும் சொல்லலை. இப்ப வரைக்கும் முடிவு பண்ணலை. திரும்பி வர்ற பஸ்ல கேட்டேன், “தெரியலடா”ன்னான். இதைப் படிக்கிற நீங்க ‘வேலையை விட்டு விவசாயத்துக்கு வாங்க’னு நான் முடிப்பேன்னு எதிர்பார்க்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? மூணு நாள் தங்கினவன், பதினோரு நிமிஷத்துல ஒரு காய் உரிச்சவன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கணக்கை மட்டும் சொல்றேன். தென்னை மாசத்துக்கு ஒரு மட்டை விடும், ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை. பாளை வெடிச்சு நெத்துக் காயாக ஒரு வருஷம். அதாவது இன்னிக்கு நம்ம சட்னியில இருக்கிற தேங்காய் போன வருஷமே பூத்தாச்சு. நாம ஆறு மாசத்துக்கு ஒரு செமஸ்டர்னு ஓடுறோம், ரிசல்ட் ரெண்டு நாள் தள்ளிப் போனாலே தவிக்கிறோம். அவர் ஆறு வருஷம் காத்திருந்து ஒரு பாளையைப் பார்த்தார். அதுவும் கொட்டிடும்னு தெரிஞ்சேதான் பார்த்தார்.

ப்ராஜெக்ட் தலைப்பை மாத்திட்டோம். இப்போ செய்யறது மோட்டார் இல்லாத ஒரு பாதுகாப்புப் பட்டை. மரம் சிறுத்தாலும் கூடவே இறுகணும், கால் வழுக்கினா பிடிச்சுக்கணும். ரெண்டு மாடல் தோத்துடுச்சு. மூணாவதை எடுத்துக்கிட்டு அந்த அண்ணன்கிட்ட போகணும். அவர் சரின்னு சொன்னாத்தான் எங்களுக்கு மார்க், கைடு என்ன போட்டாலும்.

அடுத்த டிசம்பர்ல நாங்க பிளேஸ்மென்ட் பரபரப்புல இருப்போம். அப்போ அந்தச் சின்ன மரத்துல ஒரு குலையாவது முத்தியிருக்கலாம். முத்தியிருந்தா சாக்குப் பையில அதுவும் வரும்னு சொல்லியிருக்கான். நான் இப்பவே ஒரு காய்க்கு சொல்லி வெச்சுட்டேன்.

நீங்களும் இந்த லீவுக்கு உங்க ரூம்மேட் ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. ப்ராஜெக்ட் எல்லாம் வேண்டாம். சும்மா போங்க. கேட்க வேண்டியதைக் கேளுங்க. அப்புறம் ஒண்ணு: எங்க பிளாக்ல அவனை இப்பவும் ‘தேங்கா’ன்னுதான் கூப்பிடறாங்க. நான் மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிடறேன்.